ஒவ்வொரு செயலிக்குள்ளும் ஓர் உலாவி

(திருநெல்வேலி மேலப்பாளையத்தில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் கணினி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘பள்ளிக் கணினிகளை நன்றாகப் பயன்படுத்துவது எப்படி?’ என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. அது பெரிய தலைப்பு. அதிலிருந்து ஒரே ஒரு கேள்வியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். ஆய்வகப் பொறுப்பில் இருக்கும் எல்லோரும் கேட்கும் கேள்விதான் அது: “கணினி நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது. புதுச் செயலியைப் போட்டதும் ஏன் இப்படித் திணறுகிறது?”

வைரஸ் என்பார்கள் சிலர். கணினிக்கு வயதாகிவிட்டது என்பார்கள் சிலர். சில நேரம் இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் இப்போது பல இடங்களில் காரணம் வேறு. மேசைக்கணினிக்கென்று இன்று வெளிவரும் செயலிகளில் பல, இணைய உலாவியின் தொழில்நுட்பத்தை வைத்துக் கட்டப்பட்டவை. நாம் குரோம் உலாவியைத் திறக்காவிட்டாலும், அந்தச் செயலிக்குள்ளேயே முழு உலாவி ஒன்று ஒளிந்திருந்து ஓடுகிறது. அதைப் புரிந்துகொண்டால், எந்தச் செயலியைப் போடுவது, எதைத் தவிர்ப்பது என்று நாமே முடிவு செய்ய முடியும். நல்ல கணினியைக் ‘கண்டம்’ என்று எழுதி மூலையில் அடுக்கவும் வேண்டியிருக்காது.

கால்வாயும் ஆழ்துளைக் கிணறும்

நம் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். பழவூர் அணைக்கட்டில் தாமிரபரணித் தண்ணீர் பிரிந்து பாளையங்கால்வாய் வழியாக வருகிறது. ஒரே கால்வாய், வழி நெடுக எத்தனையோ வயல்கள். ஒவ்வொரு விவசாயியும் தன் வயலுக்கு மடை திறந்தால் போதும். இனி, கால்வாய் அருகிலேயே ஓடும்போது ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனி ஆழ்துளைக் கிணறு, தனித்தனி மோட்டார் என்று போட்டால் என்ன ஆகும்? அவரவருக்கு வசதிதான். ஆனால் செலவு பல மடங்கு ஆகும். நிலத்தடி நீரும் இறங்கிவிடும்.

கணினியில் கால்வாய் போன்றது இயங்குதளம். விண்டோஸ் ஆனாலும் லினக்ஸ் ஆனாலும், பொத்தான் வரைவது, எழுத்தைக் காட்டுவது, கோப்பைத் திறப்பது போன்ற வேலைகளுக்கான நிரல்களைப் பொதுவாக வைத்திருக்கிறது. இயங்குதளத்துக்கென்றே எழுதப்பட்ட செயலி அந்தப் பொது நிரல்களைப் பகிர்ந்துகொள்ளும். அதனால் அது சிறியதாக இருக்கும்.

உலாவித் தொழில்நுட்பச் செயலி அப்படி அல்ல. அது தன் கிணற்றையும் மோட்டாரையும் தானே கொண்டுவருகிறது. இப்படிக் கட்டுவதற்கு அதிகம் பயன்படும் கருவியின் பெயர் எலக்ட்ரான். கிட்ஹப் நிறுவனம் ‘ஆட்டம்’ என்ற நிரல் எழுதும் செயலிக்காக 2013இல் இதை உருவாக்கியது. 2015இல் எலக்ட்ரான் என்று பெயர் மாறியது. குரோம் உலாவிக்கு அடிப்படையான குரோமியமும், நோட்.ஜேஎஸ் என்ற நிரல் இயக்கியும் இதற்குள் அடக்கம். ஆட்டம் செயலியை 2022 டிசம்பரில் மூடிவிட்டார்கள். அதற்காகப் பிறந்த எலக்ட்ரானோ உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

இதன் எடையைப் பாருங்கள். திரையில் ‘வணக்கம்’ என்ற ஒரு சொல்லை மட்டும் காட்டும் செயலியை எலக்ட்ரானில் செய்தாலும், வன்தட்டில் அது 100 மெகாபைட்டுக்கு மேல் இடம் பிடிக்கும். அதில் நம் ‘வணக்கம்’ சில பைட்டுகள்தான். மீதி முழுவதும் உலாவி. இப்படி ஐந்து செயலிகளை நிறுவினால் ஐந்து உலாவிகள் உட்காரும். ஒன்றின் பாகத்தை மற்றொன்று பகிர்ந்துகொள்ளாது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்?

செயலி செய்பவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் பக்கத்து நியாயத்தையும் பார்ப்போம். விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றுக்கும் மூன்று முறை எழுதாமல் ஒரே முறை எழுதினால் போதும் என்பது பெரிய வசதி. இணையப் பக்கம் செய்யத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களே மேசைக்கணினிச் செயலியும் செய்துவிடலாம். நாலைந்து பேர் கொண்ட சிறு குழு ஒரு கல்விச் செயலியை வெளியிட முடிவது இதனால்தான்.

தமிழுக்கும் இதில் ஒரு நன்மை உண்டு. பழைய செயலிகள் சிலவற்றில் கொம்பும் காலும் இடம் மாறி, ‘கொ’ என்று தட்டினால் துண்டு துண்டாக விழுந்ததைப் பார்த்திருப்பீர்கள். உலாவிக்குள் இருக்கும் எழுத்துருவாக்க நிரல் ஒருங்குறித் தமிழைச் சரியாகக் கோத்துக் காட்டுகிறது. ஆகவே உலாவி வழிச் செயலியில் தமிழ் பெரும்பாலும் ஒழுங்காகத் தெரியும்.

கேள்வி இதுதான்: செய்பவருக்கு மிச்சமாகும் உழைப்பின் விலையை யார் கொடுக்கிறார்கள்? பயன்படுத்துபவர் கொடுக்கிறார். 16 ஜிபி நினைவகம் உள்ள புதுக் கணினி வைத்திருப்பவருக்கு அந்த விலை தெரியாது. 2 ஜிபி, 4 ஜிபி கணினிகளோடு பாடம் நடத்தும் நமக்குத் தெரியும்.

நினைவகம் என்ற சிறு மேசை

நினைவகத்தை மாணவரின் மேசையாக நினைத்துக்கொள்ளுங்கள். வன்தட்டு என்பது அறையின் மூலையில் இருக்கும் அலமாரி. மேசையில் விரித்து வைத்த புத்தகத்தை உடனே படிக்கலாம். மேசையில் இடமில்லாவிட்டால் ஒன்றை எடுத்துக்கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டு, வேறொன்றைக் கொண்டுவர வேண்டும். பாதி நேரம் நடையிலேயே போய்விடும்.

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் வந்த மடிக்கணினிகளில் நினைவகம் 2 ஜிபி. இயங்குதளமே அதில் பாதியை எடுத்துக்கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். மீதி ஒரு ஜிபி. உலாவி வழிச் செயலி ஒன்று ஓடும்போது சில நூறு மெகாபைட் நினைவகத்தைப் பிடித்துக்கொள்வது சாதாரணம். இரண்டு செயலிகளைத் திறந்தால் மேசை நிறைந்துவிட்டது. அதன்பின் கணினி அலமாரிக்கும் மேசைக்கும் ஓடத் தொடங்குகிறது. சுட்டியை அசைத்தால் அம்பு அசையாது. வன்தட்டு விளக்கு மட்டும் விடாமல் மின்னும். பிராசசர் பழுதாகவில்லை, மேசைதான் போதவில்லை.

ஒரு சர்வரோடு பல முனையங்கள் இணைந்த ஆய்வகமாக இருந்தால் நிலைமை இன்னும் கடினம். இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஒரே செயலியைத் திறந்தால், இருபது உலாவிகளின் சுமையும் அந்த ஒரே சர்வரின் தலையில்தான் விழும்.

நம் பாடத்துக்குள்ளேயே நடந்த மாற்றம்

இது எங்கோ நடக்கும் விஷயம் அல்ல. 2019இல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் ஸ்கிராட்ச் இருக்கிறது. எம்ஐடி மீடியா லேப் 2007இல் வெளியிட்ட மென்பொருள் அது. 2009இல் வந்த 1.4 பதிப்பு ஸ்குவீக் என்ற மொழிச் சூழலில் எழுதப்பட்டது. மிகப் பழைய கணினியிலும் ஓடியது. 2013இல் வந்த இரண்டாம் பதிப்பு ஃபிளாஷ் தொழில்நுட்பத்துக்கு மாறியது. 2020 இறுதியில் ஃபிளாஷ் ஆதரவே நின்றுபோனது. அதற்கு முன்பே, 2019 ஜனவரியில், மூன்றாம் பதிப்பு இணையத் தொழில்நுட்பத்தில் வந்துவிட்டது. அதன் மேசைக்கணினிச் செயலி எலக்ட்ரானில் கட்டப்பட்டது.

மூன்றாம் பதிப்பு அழகானது, வசதிகள் மிகுந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தையதைக் கேட்கிறது. 2019இல் ராஸ்பெரி பை கணினிகளுக்கு அது வந்தபோது, குறைந்தது 2 ஜிபி நினைவகம் உள்ள ராஸ்பெரி பை 4 கணினியில் பயன்படுத்தும்படி பரிந்துரைத்தார்கள். பூனையை நான்கு அடி நடக்கவைக்கும் பாடம் அதேதான். அதற்கு வேண்டிய கணினிதான் பெரிதாகிவிட்டது.

ஜியோஜீப்ராவும் இப்படித்தான். கணக்குப் பாடநூலின் ‘இணையச் செயல்பாடு’ பகுதிகளில் நாம் பயன்படுத்தும் மென்பொருள் அது. அதன் கிளாசிக் 5 பதிப்பு ஜாவாவில் எழுதப்பட்டது. கிளாசிக் 6 உலாவித் தொழில்நுட்பத்துக்கு மாறியது. ஆர்டுயினோ வைத்து மாணவர்களுக்குச் செயல்திட்டம் செய்யக் கற்றுத்தரும் பள்ளிகளும் 2022இல் இதே மாற்றத்தைச் சந்தித்தன. அதன் நிரல் எழுதும் மென்பொருளின் இரண்டாம் பதிப்பு எலக்ட்ரான் வழி வந்தது.

எதிர்ப்புறத்தில் டக்ஸ் பெயின்டைப் பாருங்கள். ஏழாம் வகுப்பில் நம் பிள்ளைகள் வரையப் பழகும் செயலி. 2002 முதல் வந்துகொண்டிருக்கிறது. சி மொழியில் எழுதப்பட்டது. உலாவி எதையும் சுமக்கவில்லை. பழைய கணினியில் போட்டாலும் பிள்ளைகள் உடனே தூரிகையைக் கையில் எடுத்துவிடலாம்.

ஓடாமலே போகும் நாள்

மெதுவாக ஓடுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் ஓடவே ஓடாது என்பது அடுத்த சிக்கல். செயலிக்குள் இருப்பது குரோமியம். குரோமியம் எந்த இயங்குதளத்தைக் கைவிடுகிறதோ, அதை எலக்ட்ரானும் கைவிடும். பிறகு அதன்மேல் கட்டிய செயலிகளின் புதிய பதிப்புகள் எல்லாம் கைவிடும். 2023இன் தொடக்கத்தில் குரோமியம் விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றுக்கான ஆதரவை நிறுத்தியது. அதையொட்டி எலக்ட்ரான் 23ஆம் பதிப்பும் நிறுத்தியது. 32 பிட் லினக்ஸுக்கு எலக்ட்ரான் ஆதரவு அதற்கும் சில ஆண்டுகள் முன்பே நின்றுவிட்டது.

விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் தானே 2020 ஜனவரியில் ஆதரவை நிறுத்தியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய இயங்குதளத்தில் இணையத்துக்குப் போவது பாதுகாப்பும் அல்ல. ஆனால் இணையமே இல்லாமல், எழுத்துப் பயிற்சிக்கும் படம் வரைவதற்கும் மட்டும் வைத்திருக்கும் கணினிக்கு இதெல்லாம் தேவையா? ஒரு வினாடி வினாச் செயலி, அதனுள் இருக்கும் உலாவியின் காரணமாக ‘உங்கள் கணினி பழையது’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. வினாடி வினாவுக்கு அந்தக் கணினியே போதும் என்பதுதான் உண்மை.

பூட்ட மறந்த கதவுகள்

பாதுகாப்பு அடுத்தது. ஓர் உலாவி இருந்தால் அதைப் புதுப்பித்தால் போதும். ஐந்து செயலிகளுக்குள் ஐந்து உலாவிகள் இருந்தால் ஐந்தையும் புதுப்பிக்க வேண்டும். அதுவும் நம் கையில் இல்லை. ஒவ்வொரு செயலியையும் செய்தவர் புதுப் பதிப்பு கொடுத்தால்தான் உண்டு.

2023 செப்டம்பரில் இது உலகம் முழுக்கத் தெரியவந்தது. ‘வெப்பி’ வகைப் படங்களைத் திறக்கும் பொது நிரலில் பெரிய ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் உடனே திருத்தம் வெளியிட்டன. எலக்ட்ரானும் வெளியிட்டது. ஆனால் அதை எடுத்துத் தங்கள் செயலியில் சேர்த்து மறுபடி வெளியிடும் வேலை, செயலி செய்த ஒவ்வொருவர் தலையிலும் விழுந்தது. எலக்ட்ரானில் எட்டு வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது; கடைசி மூன்று பதிப்புகளுக்குத்தான் திருத்தம் கிடைக்கும். யாரோ ஒரு முறை செய்து கொடுத்துவிட்டு மறந்துபோன கல்விச் செயலி நம் ஆய்வகத்தில் இருந்தால், அதற்குள் பழைய உலாவி ஒன்று கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருக்கும்.

புதுப்பிப்பதற்கும் விலை உண்டு. 150 மெகாபைட் செயலியை இருபது கணினிகளில் தனித்தனியாக இறக்கினால் 3 ஜிபி. ஆசிரியரின் கைபேசியிலிருந்து இணையம் எடுத்து வேலை பார்க்கும் பள்ளிக்கு இது சிறிய தொகை அல்ல.

வெற்றுத் திரையும் பேசாத பொத்தானும்

இன்னும் இரண்டு குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேசைக்கணினிச் செயலி என்ற பெயரில் வருபவற்றில் சில, உண்மையில் ஓர் இணையதளத்தைச் சட்டம் போட்டு மாட்டியவை. நிறுவியிருக்கிறோமே, இணையம் இல்லாமல் ஓடும் என்று நம்பிப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோம். இணைப்பு போனதும் வெள்ளைத் திரைதான் மிஞ்சும்.

மற்றொன்று பார்வைக் குறைபாடுள்ள மாணவர்கள், ஆசிரியர்கள் பற்றியது. பார்வையற்றோர் பள்ளி நூறாண்டுகளுக்கும் மேலாக நடக்கும் பாளையங்கோட்டை நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இதை நாம் மறக்கக் கூடாது. அவர்கள் என்விடிஏ போன்ற திரைவாசிப்பு மென்பொருளைக் கொண்டு கணினியைக் காதால் படிக்கிறார்கள். இயங்குதளம் தரும் பொத்தான் என்றால், ‘இது பொத்தான், இதன் பெயர் இது’ என்ற தகவல் தானாகவே போய்ச் சேரும். உலாவி வழிச் செயலியில் பொத்தான் போல ஒரு படத்தை வரைந்துவிட்டுப் பெயர் கொடுக்காமல் விட்டால், கண்ணுக்குப் பொத்தான் தெரியும். காதுக்கு ஒன்றும் கேட்காது. முறையாகச் செய்தால் உலாவி வழியிலும் பேசவைக்க முடியும். செய்பவர் அக்கறை எடுக்க வேண்டும்.

ஒரு பாடவேளையின் கணக்கு

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இது இயந்திரத்தைப் பற்றிய கவலை மட்டும் அல்ல. பாடவேளை 40 நிமிடம். செயலி திறக்க 5 நிமிடம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஒரு வகுப்பு, ஆண்டுக்கு 32 வாரம். மொத்தம் 160 நிமிடம். முழுதாக நான்கு பாடவேளை, ஒரு பிள்ளை சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்று எண்ணிக் கணக்குப் பார்க்கும் வீடு அது. நேரத்தின் அருமை அந்தப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்களில் பலருக்குக் கணினியைத் தொடும் நேரம், வாரத்தில் அந்த ஒரு பாடவேளைதான்.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. சொடுக்கிய பிறகு எதுவும் நடக்காவிட்டால், வீட்டில் கணினி உள்ள பிள்ளை “சிஸ்டம் ஸ்லோ சார்” என்று சொல்லும். முதன்முதலாகச் சுட்டியைப் பிடிக்கும் பிள்ளை அப்படிச் சொல்லாது. தான் ஏதோ தப்பாக அழுத்திவிட்டோம் என்று நினைத்துக் கையை எடுத்துக்கொள்ளும். ‘எனக்கு இதெல்லாம் வராது’ என்று முடிவு செய்துவிடும். செயலியின் எடையால் வந்த தாமதத்தைப் பிள்ளை தன் குறையாக ஏற்றுக்கொள்கிறது. இதை நாம் அனுமதிக்கக் கூடாது.

நாம் செய்யக்கூடியவை

முதலில் எடைபோட்டுப் பாருங்கள். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். செயலியைத் திறப்பதற்கு முன்பும் பின்பும் நினைவக அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே செயலியின் பெயர் நாலைந்து வரிகளில் வந்தால், அது உலாவி வழிச் செயலியாக இருக்க வாய்ப்பு அதிகம். நிறுவிய கோப்புறையில் ‘ரிசோர்சஸ்’ என்பதற்குள் ‘ஆப்.அசார்’ என்ற கோப்பு இருந்தால் அது எலக்ட்ரான் செயலி என்று உறுதி செய்துகொள்ளலாம். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடமே இந்த அளவீட்டைக் கொடுத்துப் பாருங்கள். அட்டவணை போடுவார்கள், வரைபடம் வரைவார்கள். நினைவகம் என்றால் என்ன என்பது மனப்பாடம் இல்லாமல் மனதில் நிற்கும்.

இரண்டாவது, ஆய்வகத்தில் உலாவி எப்படியும் திறந்திருக்கிறது, இணையமும் இருக்கிறது என்றால், ஸ்கிராட்சையும் ஜியோஜீப்ராவையும் அந்த உலாவியிலேயே ஒரு தாவலாகத் திறக்கலாம். ஏற்கெனவே ஓடும் உலாவியைப் பகிர்ந்துகொள்வதால், தனிச் செயலியாக இன்னோர் உலாவியை ஏற்றும் சுமை மிச்சம்.

மூன்றாவது, இணையம் இல்லாத பழைய கணினிக்கு எடை குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். வரைய டக்ஸ் பெயின்ட், எழுதவும் கணக்கிடவும் லிப்ரே ஆஃபிஸ், வடிவியலுக்கு ஜியோஜீப்ரா கிளாசிக் 5, காணொளிக்கு விஎல்சி. அந்தந்த மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்து ஒரு முறை இறக்கி, பென்டிரைவ் வழியாக மற்ற கணினிகளில் போடுங்கள்.

நான்காவது, ஒரு நேரத்தில் ஒரு கனமான செயலி போதும். கணினி தொடங்கும்போதே தானாக எழுந்துகொள்ளும் செயலிகளை டாஸ்க் மேனேஜரின் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில் நிறுத்திவையுங்கள்.

ஐந்தாவது, கேள்வி கேளுங்கள். கல்விச் செயலி ஒன்றை யாராவது நம்மிடம் அறிமுகப்படுத்தினால் நான்கு கேள்விகள்: குறைந்தது எவ்வளவு நினைவகம் வேண்டும்? எந்த விண்டோஸில் ஓடும், லினக்ஸில் ஓடுமா? இணையம் இல்லாமல் ஓடுமா? திரைவாசிப்பு மென்பொருளோடு பேசுமா? பதில் சொல்பவரின் கணினியில் பார்க்காதீர்கள். நம் ஆய்வகத்தின் மிகப் பழைய கணினியில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கேட்டால் மாறுவார்களா என்று நினைக்கலாம். மாறியிருக்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் டீம்ஸ் செயலி எலக்ட்ரானில்தான் இருந்தது. கனமாக இருக்கிறது என்று பயன்படுத்தியவர்கள் தொடர்ந்து சொன்னார்கள். 2023இல் அந்த நிறுவனம் அதை விட்டு, விண்டோஸோடு வரும் பொது உலாவி நிரலைப் பகிர்ந்துகொள்ளும் முறைக்கு மாற்றியது. புதியது பாதி நினைவகத்தில் இரு மடங்கு வேகத்தில் ஓடும் என்று அதுவே அறிவித்தது. ‘டாரி’ என்ற மற்றொரு கருவியும் இயங்குதளத்தில் உள்ள உலாவி நிரலைப் பகிரும் வழியில்தான் செயலி கட்டித் தருகிறது. கிணறு தோண்டியவர்களே கால்வாய்க்குத் திரும்பவும் முடியும்.

அறிவியல் மன்றத்திலும் கணினி மன்றத்திலும் நிரல் எழுதும் நம் மாணவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுப்போம். நாளை செயலி செய்யப்போகிறவர்கள் அவர்கள். தான் எழுதியது தன் கணினியில் ஓடினால் போதாது, பக்கத்து ஊர்ப் பள்ளியின் பழைய கணினியிலும் ஓட வேண்டும் என்ற எண்ணம் இப்போதே விழுந்துவிட்டால் நல்லது.

அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் பள்ளியில் அதிகம் பயன்படும் மூன்று செயலிகளின் நினைவக அளவைக் குறித்துக்கொண்டு வாருங்கள். எல்லாப் பள்ளிகளின் கணக்கையும் சேர்த்து, எந்தக் கணினிக்கு எந்தச் செயலி பொருந்தும் என்று நமக்கென ஒரு பட்டியல் போடுவோம்.